குளிரில் எடுத்த இலை

தம்பி வரிசையில் நின்றுகொண்டிருந்தான். அக்காவுக்கு முதலில் எரிச்சலைக் கிளப்பியது அதுதான். சோதனைக்கூடத்தில் மாதிரி வாங்கும் சன்னலுக்கு வெளியே காலை ஒன்பது மணிக்கே ஆறேழு தோட்டக்காரர்கள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையோடு நின்றார்கள். கூடப் பிறந்தவள் உள்ளே தலைமைப் பரிசோதகராக உட்கார்ந்திருக்க, இவன் டோக்கன் வாங்கிக்கொண்டு நாலாவது ஆளாக நிற்கிறான். பெரிய நியாயவான்.

"பின்பக்கமா வந்தா கால் தேஞ்சிடுமா?" என்று வெளியே வந்து கேட்டாள்.

"எல்லாரும் நிக்கிறாங்கல்ல" என்றான். பன்னிரண்டு வருடம் லாரி ஓட்டியவன். சுங்கச்சாவடியில்கூட முந்திப் போகாதவன் என்று அவனுடைய பழைய கூட்டாளிகள் கேலி செய்வார்கள்.

பையை வாங்கி மேசையில் கொட்டினாள். பத்து மரத்திலிருந்து எடுத்து ஈரத்துணியில் தனித்தனியாகச் சுற்றிய இலைகள், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரப்பட்டை. பட்டையைத் திருப்பினாள். உட்பக்கம் வழவழவென்று இருக்க வேண்டியது, சொரசொரவென்று குட்டிக் குட்டி முளைகளாக நின்றது. முளைகளைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் பிசின்.

"எங்க வெட்டின?"

"ஒட்டு போட்ட இடத்துக்குக் கீழ. மேல சுத்தமா இருக்கு. கீழதான் இப்படி. கட்டைல ஊசியால குத்தின மாதிரி பள்ளம் பள்ளமா இருக்கு. அதான் எனக்கு ஒண்ணும் புரியல."

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் முகத்தில் காட்டாமல், "பாத்துச் சொல்றேன், போ" என்றாள். "உன் தாய் மரத்து இலையும் கொஞ்சம் கொண்டு வந்து குடு."

"அது எதுக்கு? அது கல்லு மாதிரி நிக்குது."

"கொண்டு வாடான்னா."

வைராய்டு என்று ஒரு சனியன் உண்டு. வைரஸ் என்றால் ஊர் உலகத்துக்கே தெரியும். இது வைரஸையும்விடச் சின்னது. வைரஸுக்காவது மேலே போட்டுக்கொள்ள ஒரு சட்டை இருக்கும், இதற்கு அதுவும் கிடையாது. முந்நூறு மரபணு எழுத்துகள் கோத்த ஒரு வளையம், அவ்வளவுதான். சாப்பிடாது, மூச்சு விடாது. மரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, மரத்தின் செலவிலேயே தன்னைப் பெருக்கிக்கொள்ளும். இதற்கு மருந்து என்று ஒன்று இன்றுவரை இல்லை. ஒட்டு மொட்டிலேயே குடியேறித் தோட்டம் விட்டுத் தோட்டம் போகும். கத்தியில் ஏறி மரம் விட்டு மரம் போகும். கத்தியைச் சாராயத்தில் முக்கித் துடைத்தாலும் அதற்கு உறைக்காது. இதிலே கொடுமை என்னவென்றால், சில மரத்தில் இருபது வருடம் இருந்தாலும் ஓர் இலைகூட வாடாது. அதே மரத்து மொட்டை எடுத்து வேறு வகை அடிக்கட்டையில் ஒட்டினால் ஆறேழு வருடத்தில் வேலையைக் காட்டும்.

தம்பியின் தோட்டத்தில் நானூற்றுப் பத்து ஆரஞ்சு மரங்கள். தோட்டத்து வாசலில் நிற்கும் பழைய ஆரஞ்சு மரம்தான் அத்தனைக்கும் தாய். அதன் மொட்டுகளை எடுத்து, வறண்ட மண்ணுக்குத் தாங்கும் என்று காட்டு எலுமிச்சைக் கன்றுகளின் மேல் ஒட்டியிருந்தான். ஒன்பது வருடம் ஆகிறது. லாரியை விட்டபோது, "இனிமே நான் ஒரே எடத்துல நிக்கணும் அக்கா, மரம் மாதிரி" என்று சொன்னவன். சொன்னபடி நின்றான். தோட்டத்தை விட்டு ஒரு கல்யாணம் காட்சி என்று இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வெளியே போனதில்லை. அவன் மனைவிக்கு அதில் ஏகப்பட்ட மனத்தாங்கல்.

இலைகளையும் பட்டையையும் அரைத்து, சாறு எடுத்து, இயந்திரத்தில் போட்டுப் பார்க்கும் வேலை ஜில்லுவுடையது. உறைபனிப் பெட்டிகள் இருக்கும் அறையிலேயே பாதி நாள் உட்கார்ந்திருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. எதையும் பதறாமல் சொல்லக்கூடிய மனிதர். தாய் மரத்து இலையும் அன்று சாயங்காலமே வந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் இருட்டறையிலிருந்து படத்தோடு வந்தார்.

"மேடம், தோட்டத்து மரம் பத்துல பத்தும் இருக்கு. தாய் மரத்துலயும் இருக்கு. கோடு நல்லாக் கொழுகொழுன்னு விழுந்திருக்கு."

படத்தில் வெள்ளைக் கோடுகள் பளிச்சென்று வரிசையாக நின்றன. கடைசிக் கோடு, தாய் மரத்துடையது, மற்றதைவிடத் தடிமனாக இருந்தது. அளவைப் பார்த்ததுமே எந்த இனம் என்று தெரிந்தது. அது ஏதோ ஒரு கொடியில் முதலில் கண்டுபிடித்த இனம். அந்தக் கொடியின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். ஆரஞ்சு, எலுமிச்சைக் குடும்பத்தில் இந்த இனம் இரண்டு வகையாக வரும். ஒன்று மரத்தை ஒன்றும் செய்யாது. சும்மா குடியிருக்கும். கூடத்தில் அதற்குச் சாது என்று பெயர். மற்றது கட்டையில் பள்ளம் விழவைத்து, பிசின் வடியவைத்து, காய் சிறுத்து, மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருக்கும். அதற்குப் பெயர் சவலை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முந்நூறு எழுத்தில் ஆறே ஆறு எழுத்து.

சாது என்றால் தோட்டத்தை யாரும் தொட மாட்டார்கள். கட்டையில் இருக்கும் பள்ளத்துக்கு வேறு காரணம் தேடலாம். சவலை என்றால் சட்டம் ஒரே வரிதான் சொல்கிறது: வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். அக்கா அந்த ஆறு எழுத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். பட்டையைக் கண்ணால் பார்த்தவள்தான், முப்பது வருடம் இதே வேலை பார்ப்பவள்தான், இருந்தும் தொங்கினாள். பிறத்தியார் தோட்டமாக இருந்தால் பட்டையைப் பார்த்த அன்றே தீர்ப்புச் சொல்லியிருப்பாள்.

எழுத்துகளைப் படித்துவரச் சாற்றை வேறொரு கூடத்துக்கு அனுப்பினார்கள். மூன்று நாள். அந்த மூன்று நாளும் தம்பி தினம் சாயங்காலம் போன் செய்தான். நோயைப் பற்றிக் கேட்கவே இல்லை. "சாப்டியா? முட்டிவலி எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, வைக்காமல், கொஞ்ச நேரம் சும்மா இருந்தான்.

நாலாம் நாள் திரையில் எழுத்துகள் வந்தன. பக்கத்தில் ஜில்லு நின்றார். சுவரில் ஒட்டியிருந்த அட்டையில் அந்த ஆறு இடங்களும் சாதுவுக்கு எப்படி, சவலைக்கு எப்படி என்று குறித்திருந்தது. அக்கா ஓர் அளவுகோலைத் திரையின் மேல் வைத்து, ஒவ்வோர் இடமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். முதல் இடம் சவலை. இரண்டாவது சவலை. மூன்றாவதில் சாதுவின் எழுத்து நின்றது.

"பாத்தீங்களா" என்றாள்.

நாலு, ஐந்து, ஆறு எல்லாம் சவலை.

"ஆறுல ஒண்ணு மாறியிருக்கு. ஒண்ணு மாறினாலே நோய்க்குணம் போயிடும்னு சொல்றாங்கல்ல? நாம படிச்சோமே."

ஜில்லு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். திரையில் அந்த மூன்றாவது எழுத்தைப் பெரிதாக்கினார். மற்ற எழுத்துகளின் மேல் சீராக ஒரு மேடு இருந்தது. இதன் மேல் இரண்டு குட்டை மேடுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன.

"இது சரியாப் படியல மேடம். இந்தப் பக்கம் இருந்து ஒரு தடவை, அந்தப் பக்கம் இருந்து ஒரு தடவை படிக்கச் சொல்றேன். நீங்க வீட்டுக்குப் போங்க."

அவள் வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த இரண்டு நாள் அந்த ஓர் எழுத்தையே நினைத்துக் கூடத்திலேயே கிடந்தாள். கடவுள் நம்பிக்கை பெரிதாக இல்லாதவள். ஆனாலும் அந்த எழுத்திடம் வேண்டிக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். மறுபடி வந்தபோது மூன்றாவது இடத்தில் ஒரே மேடு, நெட்டக்குத்தலாக நின்றது. சவலை. ஆறுக்கு ஆறு.

இயக்குநர் நல்ல மனிதர், அவளைவிட வயதில் சின்னவர். அறிக்கையைப் படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"தாய் மரத்துக்கு நோயில்லைன்னு நாமதான் சான்றிதழ் குடுத்திருக்கோம். அந்தப் பழைய கோப்பைக் கொஞ்சம் எடுங்க."

கோப்பு அவளிடம் ஏற்கெனவே இருந்தது. பட்டையைப் பார்த்த அன்றே எடுத்துத் தன் மேசை இழுப்பறையில் வைத்திருந்தாள். ஒன்பது வருடத்துக்கு முந்தைய படிவம். மாதிரி எடுத்தவர், சோதித்தவர், சான்றளித்தவர், மூன்று கட்டத்திலும் அவள் கையெழுத்துதான். மாதிரி எடுத்த மாதம் என்ற கட்டத்தில், அழகாக, வருடத்தின் கடுங்குளிர் மாதத்தின் பெயர்.

இந்தச் சனியனுக்கு வெயில் பிடிக்கும். கோடையில் மரம் முழுக்கப் பெருகி நிற்கும். குளிரில் சுருண்டு, இருக்கிற இடம் தெரியாமல் பதுங்கிவிடும். அப்போது இலை எடுத்தால் இயந்திரத்துக்கு ஒன்றும் தெரியாது, படத்தில் கோடு விழாது. இது அந்தக் கூடத்தில் வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முதல் வாரத்தில் சொல்லும் பாடம். அதைச் சொல்லிக்கொடுப்பவளே அக்காதான்.

"விதியில 'இயன்றவரை கோடையில்'னுதான் இருக்கு" என்றார் இயக்குநர். "கட்டாயம்னு இல்ல. உங்க மேல குத்தம் வராது. நான் பாத்துக்கறேன்."

"சார், எனக்கு அது தெரியும்."

"தெரியும்னா?"

"குளிர்ல எடுத்தா தப்பா வரும்னு தெரியும். தெரிஞ்சுதான் எடுத்தேன்."

அவர் படிவத்தைக் கோப்புக்குள் திருப்பி வைத்தார். பிறகு, அறிக்கையை நாளைக் காலையில் அனுப்பியாக வேண்டும் என்றார். அதற்கு முன் தம்பியிடம் அவளே போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்றும் சொன்னார்.

தோட்டத்துக்குப் போனபோது வெயில் மண்டையைப் பிளந்தது. வாசலில் தாய் மரம் ஒரு பழுத்த இலை இல்லாமல், கரும்பச்சையில், கொழுத்துப்போய் நின்றது. அதைப் பார்க்கப் பார்க்க அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உள்ளே வரிசைகளில் நின்றவை அதன் பிள்ளைகள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நெல்லிக்காய் அளவில் ஆரஞ்சுகள் தொங்கின.

தம்பி மோட்டார் அறையில் இருந்தான். சுவரில் அந்தச் சான்றிதழை லேமினேஷன் போட்டு மாட்டியிருந்தான். அதைக் காட்டித்தான் அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் பதினொரு பேருக்கு மொட்டுக் குச்சி கொடுத்திருந்தான். எல்லாம் சும்மாதான். "எங்க அக்கா பாத்த மரம்" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தான்.

கயிற்றுக்கட்டிலில் துண்டை உதறிப் போட்டு உட்காரச் சொன்னான். அவள் உட்காரவில்லை.

"சவலைதான்டா. எல்லா மரத்தையும் எடுக்கணும்."

அவன் தலையை ஆட்டினான். எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தான் போலிருக்கிறது. "எங்க இருந்து வந்துச்சு? கத்தி வழியாவா? கத்தியெல்லாம் நான் துடைக்காம தொட்டதே இல்ல அக்கா."

"கத்தி இல்ல. தாய் மரம்."

"அதுக்குத்தான் நீ பாத்துக் குடுத்தியே."

"குளிர்ல பாத்தேன்." நின்ற இடத்திலிருந்தே சொன்னாள், ஒரே மூச்சில். "குளிர்ல அது மரத்துக்குள்ள பதுங்கிக்கும், மெஷினுக்குத் தெரியாது. வெயில் வந்தப்புறம் எடுத்திருக்கணும். எனக்கு அது நல்லாத் தெரியும். நீ கன்னெல்லாம் பென்சில் தண்டி ஆயிடுச்சு, இப்ப ஒட்டலன்னா ஒரு வருஷம் போயிடும்னு தவிச்ச. மரம் வேற பாக்க அவ்வளவு நல்லா இருந்துச்சு. சரி, என்ன ஆயிடப்போகுதுன்னு எடுத்துட்டேன்."

அவன் எழுந்து போய் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரை நிறுத்தினான்.

"நான் லாரிக்காரன் அக்கா" என்றான். "நான் தவிச்சா என்ன? எனக்கு என்ன தெரியும்? ஆறு மாசம் பொறுடா, கழுதன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா பொறுத்திருப்பேன். நீ சொல்லி நான் எதக் கேக்காம இருந்திருக்கேன்?"

அவன் சொன்னது அத்தனையும் நிஜம்.

வீட்டுப் பக்கமிருந்து தம்பி மனைவி தேநீர் கொண்டுவந்தாள். வாசல்படியிலேயே நின்று கேட்டிருக்க வேண்டும். டம்ளரைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, "எடுத்துக்குங்க அண்ணி" என்று முகம் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனாள். அந்த டம்ளர் அப்படியே ஆறிப்போயிற்று.

தம்பி, சின்ன வயதில் கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்பானே, அதே குரலில் கேட்டான்.

"அப்போ இப்பவும் குளிர்ல எடுத்தா தெரியாதுல்ல?"

"டேய்."

"சும்மா கேக்கறேன். தெரியாதுல்ல?"

"தெரியாமப் போகலாம்."

"அப்ப அந்த ரிப்போர்ட்ட வச்சுக்க. அனுப்பாத. குளிர் வரட்டும், வந்து இல எடு. முன்னாடி எனக்காக எடுத்தல்ல? இப்பவும் எனக்காக எடு."

அவன் தந்திரமாகக் கேட்கவில்லை. தந்திரம் அவனுக்கு வராது. ஒரு தரம் செய்தவள் இன்னொரு தரம் செய்வாள் என்று வெள்ளந்தியாக நம்பிக் கேட்டான், அதுதான் அவளை அறுத்தது.

"மரமெல்லாம் செத்துக்கிட்டு இருக்குடா."

"செத்துக்கிட்டு இருக்கறது வேற, வெட்டிப் போடுறது வேற. அஞ்சு வருஷம் நிக்கும். எனக்கு அது போதும். எனக்கு அம்பத்திரண்டு வயசு. மறுபடி கன்னு வச்சு, அது காய்க்கிறதுக்குள்ள..." அவன் முடிக்கவில்லை.

"பதினோரு தோட்டத்துக்குக் குடுத்திருக்க. அவங்க அதுல இருந்து வேற யாருக்குக் குடுத்தாங்களோ. நான் வாய மூடினா இது ஊரெல்லாம் போகும்."

"நீ குடுத்த பேப்பரப் பாத்துத்தான் அவங்க வாங்கினாங்க."

"அதனாலதான்டா."

"முடியாதா?"

"முடியாது."

சரி என்று சொன்னான். கத்தவில்லை, அழவில்லை. சுவரில் இருந்த சான்றிதழைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். பதினொரு பேரிடமும் தானே போய்ச் சொல்லிவிடுவதாகச் சொன்னான். பேருந்து நிறுத்தம் வரை எப்போதும் கூட வருகிறவன், அன்றைக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு வரிசைக்குள் தண்ணீர் பார்க்கப் போய்விட்டான். பிடுங்கப் போகிற மரத்துக்கு எதற்குத் தண்ணீர் என்று அவளும் கேட்கவில்லை.

உத்தரவு இருபது நாளில் வந்தது. பிடுங்குவதற்கு முன் மரம் மரமாகச் சிவப்பு வளையம் போட வேண்டும், சோதனைக்கூடத்து ஆள் ஒருவர் நின்று போட வேண்டும். ஜில்லு தான் போவதாகச் சொன்னார். இயக்குநரும் அதையே சொன்னார். அக்கா கேட்கவில்லை. நான் போட்ட கையெழுத்து, நானே போய்த்தான் அழிக்கணும் என்று பிடிவாதமாகக் கிளம்பினாள். உள்ளுக்குள் வேறொரு ஆசையும் இருந்தது. நாள் முழுக்க அவன் கூட நடந்தால், ஏதாவது ஒரு மரத்தடியில் அவன் கோபித்துக் கத்திவிடுவான், கத்தினால் தீர்ந்துவிடும் என்று நினைத்தாள். சின்ன வயதில் அவன் கோபமெல்லாம் அப்படித்தான் தீரும்.

தோட்டத்து வாசலில் அந்தப் பதினொரு பேரும் நின்றிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார்கள். தம்பி குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தான்.

"வாங்க மேடம்" என்றான்.

வெளியாட்கள் முன்னால் மரியாதைக்குச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். முதல் வரிசைக்குள் நுழைந்து, மற்றவர்கள் கண்ணில் படாத இடத்துக்கு வந்ததும், "டேய், நான்தான்டா" என்று மெதுவாகச் சொன்னாள்.

"இங்க இருந்து ஆரம்பிக்கலாமா மேடம்?" என்று கேட்டான். குத்தலாகச் சொன்னால்கூடத் தாங்கியிருப்பாள். சன்னலில் டோக்கனோடு நிற்கிற எந்தத் தோட்டக்காரனும் பேசுகிற மாதிரி, பணிவாக, தெளிவாகக் கேட்டான்.

பெயிண்ட் டப்பாவை அவனே தூக்கிக்கொண்டான். ஒவ்வொரு மரத்தடியிலும் உட்கார்ந்து கிளைகளை ஒதுக்கிப் பிடித்து, "போடுங்க மேடம்" என்றான். அவள் குனிந்து வளையம் போட்டாள். முதல் பத்து மரத்துக்குள் அவள் முகமெல்லாம் கண்ணீர். அவன் பார்த்தான், பார்த்துவிட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனான். மத்தியானம் தண்ணீர் கொடுத்தான். "குடிங்க மேடம்" என்றான். நானூற்றுப் பத்து மரம். ஒரு மரத்தடியிலாவது வாய் தவறி அக்கா என்று வந்துவிடாதா என்று கடைசி மரம் வரைக்கும் காது கொடுத்துக்கொண்டே நடந்தாள். வரவில்லை.